பெயரோடு நிறுத்தாதவர்

எங்கள் ஆசிரியர் அறையில் யாரும் ஒரு பேச்சை முடிப்பதில்லை. நனைந்த குடையை மூலையில் சாய்த்துவிட்டு உள்ளே வருபவர், "இந்த மழை..." என்பார். அவ்வளவுதான். அடுத்து வருபவர் "இந்த பஸ்..." என்று நாற்காலியில் விழுவார். பள்ளிக்கூட அதிபர் கதவருகே எட்டிப் பார்த்து, "இந்தப் பத்தாம் வகுப்பு..." என்று நெற்றியைத் தேய்த்துக்கொண்டே போய்விடுவார். நாங்கள் தலையாட்டுவோம். மலையேறி இறங்கி வேலை பார்க்கிறவர்களுக்கு அதற்கு மேல் பேசத் தெம்பு இருக்காது. பெயரைச் சொன்னால் போதும், மிச்சம் எல்லாருக்கும் தெரிந்ததுதான் என்பது எங்கள் எண்ணம்.

அவர் ஒருவர்தான் விடமாட்டார். உயர்தர வகுப்புக்கு அளவையியல் படிப்பித்தவர். பிள்ளைகள் அந்தப் பாடத்தை லொஜிக் என்பதால் அவரும் லொஜிக் சேர் ஆகிவிட்டார். ஒல்லியான உடம்பு, முழங்கையில் நூல் பிரிந்த ஒரு சாம்பல் நிறச் சுவெட்டர், சட்டைக் கொலரின் பின்னால் மாட்டித் தொங்கவிட்ட குடை. திருத்திக்கொண்டிருக்கும் கொப்பியிலிருந்து தலையைத் தூக்கி, "மழைக்கு என்னவாம்?" என்று கேட்பார்.

பெய்கிறது என்று சொன்னால், அது தெரிகிறது, நீங்கள் சொல்ல வந்தது என்ன என்பார். கேலி பண்ணுகிறார் என்றுதான் எல்லாரும் நினைத்தோம். அவர் கேலி பண்ணவில்லை. பதில் வரும் வரைக்கும் பேனாவை மூடாமல் காத்திருப்பார். அதுதான் இன்னும் எரிச்சல். முதல் வருடம் அவர் இருக்கும் பக்கமே நான் உட்காரமாட்டேன்.

ஒரு நாள் எனக்குப் பொறுக்கவில்லை. "மழைக்கு ஒண்ணுமில்ல சேர். எனக்குத்தான் முட்டி வலிக்குது. மாடிப்படி ஏற முடியல" என்று வெடுக்கென்று சொல்லிவிட்டேன். அவர் பேனாவை மூடினார். மாடியிலிருந்த என் வகுப்பை எடுத்துக்கொண்டு, கீழே இருந்த தன் வகுப்பறையை எனக்கு விட்டுக்கொடுத்தார். அந்தத் தவணை முழுக்க அப்படியே நடந்தது. மழை என்று பெருமூச்சு விட்டதோடு நிறுத்தியிருந்தால் வலியோடு அந்தப் படிகளில்தான் ஏறியிருப்பேன். அன்றிலிருந்து அவர் மேல் எனக்கு ஒரு பிரியம் வந்தது. எரிச்சலும் போகவில்லை. இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் இருந்தன.

நாங்கள் இரண்டு பேரும் ஹட்டனிலிருந்து நோட்டன் பிரிட்ஜ் போகும் வழியில் உள்ள தேயிலைத் தோட்டங்களைச் சேர்ந்தவர்கள். ஒரே பஸ். இப்போது அவர் மாற்றல் வாங்கிக்கொண்டு நுவரெலியாப் பக்கம் போய்விட்டார். பழைய ஆசிரியர்கள் யாராவது சந்தித்தால் அவரைப் பற்றிப் பேசுவோம். பாதிப் பேர் திட்டுவார்கள். நானும் சேர்ந்து திட்டுவேன். பிறகு வீட்டுக்கு வந்ததும் மனது கேட்காது.

என் வகுப்பு மாடிக்குப் போவதற்கு முந்திய வருடம் எங்கள் இரண்டு வகுப்புக்கும் நடுவில் ஒரு பலகைத் தடுப்புதான் இருந்தது. இந்தப் பக்கம் நான் பருவக்காற்று நடத்திக்கொண்டிருப்பேன். அந்தப் பக்கம் எழுவாயும் பயனிலையும் நடக்கும். அவருக்குக் கத்தத் தெரியாது. ஆனாலும் அந்தக் குரல் பலகையைத் தாண்டி வந்துவிடும்.

"மாலான்னு மட்டும் சொன்னா நீங்க இன்னும் ஒண்ணுமே சொல்லல. மாலா வந்தான்னு சொன்னாத்தான் சொன்னதாகும். அப்பத்தான் அது சரியா பிழையான்னு இன்னொரு ஆளு கேக்கலாம். ஒரு ஆளப் பத்தி ஒண்ணு சொல்றது, அவங்க முதுகுல கொழுந்துக் கூடைய மாட்டுற மாதிரி. மாட்டுறது லேசு. தூக்கிட்டு நடக்கப் போறது அவங்க. மாட்டுறதுக்கு முன்னால பாத்துட்டு மாட்டுங்க."

பிள்ளைகள் இதையும் ஒரு எழுத்து விடாமல் எழுதிக்கொள்வார்கள். தவணைப் பரீட்சையில் பயனிலை என்றால் என்ன என்ற கேள்விக்கு, முதுகில் மாட்டும் கூடை என்று எழுதிய பிள்ளைகளும் உண்டு. அவரே சிவப்புப் பேனாவால் வெட்டினார். வெட்டிவிட்டு என்னிடம் கொண்டுவந்து காட்டிச் சிரித்தார். அவர் வாய்விட்டுச் சிரித்து நான் பார்த்தது அபூர்வம்.

பள்ளிக்கூடத்துக்குள் இருக்கும் வரைக்கும் இந்தக் குணத்தால் பெரிய சேதமில்லை. வெளியே வந்தால்தான் வம்பு. அவரிடம் படித்த ஒரு பெண்ணை மாப்பிள்ளை வீட்டார் பார்த்திருந்தார்கள். விசாரிப்பதற்காக பிஸ்கட் பெட்டியோடு அவர் வீட்டுக்கே போயிருக்கிறார்கள். நம் பக்கத்தில் இப்படி விசாரிக்க வந்தால் சொல்லவேண்டியது என்ன என்று சின்னப் பிள்ளைக்கும் தெரியும். பொண்ணு தங்கமான பொண்ணு. முடிந்தது. இவரோ, நல்ல பொண்ணா என்றால் எனக்குச் சொல்லத் தெரியவில்லை, பார்த்ததைச் சொல்கிறேன் என்று ஆரம்பித்திருக்கிறார். மார்க் குறைந்தால் அழுவாள், மறுநாள் எல்லாருக்கும் முன்னால் வந்து உட்கார்ந்து படிப்பாள். ஒரு தடவை ஒரு பையனைக் கோடு போடும் அடிமட்டத்தால் அடித்தாள், அவன் அவளுடைய தம்பியை முதலில் அடித்திருந்தான். இவ்வளவையும் நிதானமாகச் சொல்லி, தேத்தண்ணியும் கொடுத்து அனுப்பிவிட்டார்.

வந்தவர்கள் என்ன நினைப்பார்கள்? படிப்பித்த வாத்தியாரே நல்ல பொண்ணு என்று சொல்ல வாய் வராமல் சுற்றி வளைக்கிறார், உள்ளே ஏதோ இருக்கிறது என்று முடிவு கட்டிவிட்டார்கள். பெண்ணின் அம்மா அழுதுகொண்டு என்னிடம் வந்தார். நான் மாப்பிள்ளை வீட்டுக்குப் போய், தங்கமான பொண்ணு, தங்கமான பொண்ணு என்று வாய் வலிக்கச் சொல்லிக் காரியத்தை ஒப்பேற்றினேன். கல்யாணப் பந்தியில் எனக்கு எதிரே உட்கார்ந்து அவர் ஒரு கூச்சமும் இல்லாமல் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். தங்கமான பொண்ணு என்று சொன்னால் என்ன குறைந்துவிடும் என்று கேட்டே விட்டேன். "நீங்க சொன்னதுல அந்தப் பொண்ணு எங்க டீச்சர் இருக்கா? அது எந்தப் பொண்ணுக்கும் பொருந்துமே" என்றார். கல்யாணம் நடந்ததா இல்லையா என்று கேட்டேன். நடந்தது என்று ஒப்புக்கொண்டார். பிறகு பாயாசம் கேட்டு வாங்கினார்.

தோட்டத்தில் ஒரே பெயரில் பல பேர் இருப்பார்கள். ராஜம்மா என்று கூப்பிட்டால் வரிசை வீடுகள் கொண்ட லயம் ஒவ்வொன்றிலும் ஒருத்தி எட்டிப் பார்ப்பாள். அதனால் காலையில் பெரட்டுக் களத்தில் வேலைக்கு ஆள் பிரிக்கும்போதே முன்னால் ஒன்றைச் சேர்த்துக் கூப்பிடுவது வழக்கம். ஆத்தடி ராஜம்மா, நெட்ட ராஜம்மா, கோயில் மாரியப்பன், போத்தல் மாரியப்பன். ஒரு தடவை ஒட்டினால் சாகும் வரைக்கும் போகாது. நெட்டை ராஜம்மா கூன் விழுந்து குட்டையாகிப் போன பிறகும் நெட்டை ராஜம்மாதான்.

இது அவருக்கு ஆகவே ஆகாது. பஸ்ஸில் ஒரு நாள், கம்பியைப் பிடித்துத் தொங்கிக்கொண்டே, எனக்கு விளங்கப்படுத்தினார். "மாரியப்பன் குடிக்கிறாருன்னு ஒருத்தர் சொன்னா, இல்லன்னு இன்னொருத்தர் மறுக்கலாம். போத்தல் மாரியப்பன் வர்றாருன்னு சொன்னா? வர்றாரா இல்லையான்னுதான் பாப்பாங்க. போத்தல யாரு பாப்பா? அது பேரோட சேந்து சத்தமில்லாம உள்ள வந்துருது டீச்சர். சொன்ன மாதிரியும் இல்ல, ஆனா சொல்லியாச்சு." நான் களைத்துப் போயிருந்தேன். சரி சேர் என்றேன். ஆனால் அது என் மனதில் தங்கிவிட்டது. நாம் ஒருவரைப் பற்றிச் சொல்வது பாதிதான் நம் பேச்சில் இருக்கிறது, மீதியை அவரைக் கூப்பிடும்போதே சொல்லி முடித்துவிடுகிறோம்.

அவர் யாரையும் ஒட்டுப்பெயரோடு கூப்பிடமாட்டார். அதனால் வந்த குழப்பங்களுக்கும் குறைவில்லை. ராஜம்மாவை வரச்சொல்லுங்கள், மகன் பள்ளிக்கூடம் வருவதில்லை என்று ஒரு தடவை சொல்லியனுப்பினார். போன செய்தி வேறொரு ராஜம்மாவிடம் போய்ச் சேர்ந்தது. கொழுந்தைப் பாதியில் போட்டுவிட்டு அந்த அம்மா மூச்சு வாங்க ஓடி வந்தார். அவருடைய மகன் படிப்பை முடித்து, கொழும்பில் கடையில் வேலை செய்கிறவன். பிள்ளைக்கு என்னவோ ஆகிவிட்டது என்று பயந்து, வரும் வழியெல்லாம் அழுதிருக்கிறார். ஆசிரியர் அறை வாசலில் நின்று லொஜிக் சேரைத் திட்டின திட்டு இருக்கிறதே, நாங்கள் எல்லாரும் கொப்பிக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டோம். அவர் எழுந்து நின்று முழுவதையும் கேட்டுக்கொண்டார்.

போத்தல் மாரியப்பன் லொஜிக் சேருடைய லயத்தில்தான் குடியிருந்தார். அவர் வாத்தியாரான பிறகும் தகப்பனுடைய லயத்து வீட்டை விட்டுப் போகவில்லை. மாரியப்பன் கவ்வாத்துக்காரர், வளர்ந்த தேயிலைச் செடிகளைக் கத்தியால் வெட்டித் தட்டையாக்கும் வேலை. இளவயதில் இடுப்பில் போத்தலைச் செருகிக்கொண்டு திரிந்திருக்கிறார், பாதையில் விழுந்து கிடந்திருக்கிறார், எல்லாம் உண்மைதான். மூத்த மகள் பெரிய பிள்ளையான அன்றைக்கு விட்டவர், பிறகு தொடவில்லை. அந்தப் பிள்ளை கல்யாணமாகிக் கொத்மலைக்குப் போய்த் தாயும் ஆகிவிட்டாள். தோட்டத்துக்கு இது தெரியாமலில்லை. தெரிந்தும் பெயர் மாறவில்லை. மாரியப்பனே தொலைபேசியில், நான் போத்தல் மாரியப்பன் பேசுறேன் என்றுதான் சொல்வாராம். லொஜிக் சேர் அதற்காக அவரோடு சண்டை பிடித்திருக்கிறார். வெறும் மாரியப்பன் என்று சொன்னால் கோயில் மாரியப்பன் என்றல்லவா நினைப்பார்கள், வேறு எப்படிச் சொல்வது என்று மாரியப்பன் சிரித்தாராம். அந்தத் தோட்டத்தில் அவரை மாரியப்பண்ணே என்று மட்டும் கூப்பிட்டவர் இவர் ஒருவர்தான்.

மழை விட்டும் விடாத ஒரு காலையில், லயத்திலிருந்து பெரிய பாதைக்கு இறங்கும் குறுக்கு வழியோரம், மாரியப்பன் விழுந்து கிடந்தார். பெரட்டுக்குப் போனவர்கள் பார்த்தார்கள். கொழுந்துக்குப் போன பெண்கள் பார்த்தார்கள். பால் எடுத்துப் போனவர் பார்த்தார். போத்தல் பழையபடி தொடங்கிவிட்டான், தெளிந்தால் தானாக எழும்பி வருவான் என்று ஆளுக்கு ஆள் நினைத்துக்கொண்டு நடந்துவிட்டார்கள். அவருடைய மனைவி காளியம்மா முன்னாலேயே வேறு மலைக்கு வேலைக்குப் போயிருந்தார். தேத்தண்ணி நேரத்தில் ஒருத்தி, உன் புருஷன் மறுபடியும் விழுந்து கிடக்கிறானே என்று சிரித்துக்கொண்டே சொல்லியிருக்கிறாள். காளியம்மா சிரிக்கவில்லை. கூடையைப் போட்டுவிட்டு ஓடினார். அவர் போய்த் தொட்டபோது உடம்பு குளிர்ந்திருந்தது. ஆஸ்பத்திரியில் மாரடைப்பு என்றார்கள். குடித்த அடையாளமே இல்லை என்றும் சொன்னார்கள்.

இடைவேளையில்தான் செய்தி பள்ளிக்கூடத்துக்கு வந்தது. லொஜிக் சேர் வகுப்புக்குத் திரும்பிப் போனார். மிச்சப் பாடங்களையும் எடுத்தார். பஸ்ஸில் எனக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, "நான் பாத்தேன் டீச்சர்" என்றார்.

பார்த்தேன் என்றதோடு அவர் நிறுத்திவிட்டதுதான் எனக்குத் திக்கென்றது. எதை என்று கேட்டேன்.

"மாரியப்பண்ணன் கெடந்தத. பஸ்ஸுக்கு நேரமாச்சுன்னு ஒதுங்கிப் போயிட்டேன். அப்ப மனசுல என்ன வந்துச்சு தெரியுமா? போத்தல்னு வந்துச்சு. வாயால நான் ஒருநாளும் சொன்னதில்ல. ஆனா உள்ள இருந்திருக்கு."

எல்லாரும்தானே சேர் பார்த்தார்கள், எல்லாரும்தானே போனார்கள் என்றேன். ஆறுதல் சொல்ல எனக்கு வேறு வார்த்தை கிடைக்கவில்லை. எல்லாரும் என்று சொன்னால் அதற்குள் நான் ஒளிந்துகொள்ளலாம் என்றார். அவருக்குப் பொய் சொல்லத் தெரிந்திருந்தால் எவ்வளவு நன்றாக இருக்கும் என்று எனக்குத் தோன்றியது.

மறுநாள் எடுப்பு. லயத்துக்கு முன்னால் தறப்பாளில் பந்தல் கட்டி, பெட்டியை நடுவில் வைத்திருந்தார்கள். கொத்மலையிலிருந்து சம்பந்தி வீட்டார் வந்து, ஒரு பக்கமாக, தள்ளி உட்கார்ந்து, தங்களுக்குள் முணுமுணுத்துக்கொண்டிருந்தார்கள். மூத்த மகள் பெட்டிக்குப் பக்கத்தில் இருந்தாள், காளியம்மா தலைமாட்டில் இருந்தார். அழவில்லை. வருகிறவர்களின் கையைப் பிடித்து, அவர் குடிக்கவில்லை, அவர் குடிக்கவில்லை என்று மட்டும் சொன்னார். வந்தவர்கள், ஆமாம் ஆமாம், விடு, மனதைத் தேற்றிக்கொள் என்று தோளைத் தட்டினார்கள். நானும் தட்டியிருப்பேன். ஒருவரும் அதைக் கேட்கவில்லை என்பது அந்த அம்மாவுக்கு விளங்கிவிட்டது. எல்லாரும் துக்கம் கேட்க வந்தவர்கள், அவர் சொன்னதைக் கேட்க வந்தவர்கள் அல்ல.

நானும் லொஜிக் சேரும் போய் நின்றதும் காளியம்மா அவரைப் பக்கத்தில் கூப்பிட்டார். "நீங்க சொன்னா எடுபடும் சேர். மைக்குல சொல்லுங்க, அவரு குடிச்சுட்டு விழுகலன்னு. சம்பந்தி வீட்டுக்காரங்க பேசுறாங்க. நாளைக்கு எம்புள்ள அந்த வீட்டுல இருக்கணும்." அவர் தலையாட்டினார்.

எடுப்பதற்கு முன்னால் மைக்கில் இரங்கல் பேசுவது எங்கள் பக்கத்து வழக்கம். தோட்டத் தலைவர் பேசினார். அன்பானவர், பண்பானவர், பழகுவதற்கு இனியவர் என்றார். போன மாதம் வேறொருவருக்கும் இதையேதான் சொன்னார். நடுவில், நம்ம போத்தல் என்று வாய் தவறித் தொடங்கி, இருமிக்கொண்டு, மாரியப்பன் அவர்கள் என்று முடித்தார். சம்பந்தி வீட்டுப் பக்கம் ஒரு சிரிப்புச் சத்தம் கேட்டது.

பிறகு இவர் மைக்கை வாங்கினார்.

"மாரியப்பண்ணன் விழுந்து கெடந்தத நான் பாத்தேன்" என்றார். "பாத்துட்டுப் போயிட்டேன். கிட்டப் போய் என்னான்னு கேக்கல. கேட்டிருந்தா இந்நேரம்..."

அங்கே நின்றவர்களில் முக்கால்வாசிப் பேர் பார்த்துவிட்டுப் போனவர்கள். எல்லாருடைய தலையும் தரையைப் பார்த்தது. அவர் நிறுத்தவில்லை. நான் படிப்பித்தவன், தெரிந்தவன், நானே பார்க்காமல் போனேன், நான் மனிதனில்லை என்று என்னென்னவோ சொன்னார். தலைவர் அவருடைய சுவெட்டரைப் பிடித்து இழுத்தார். குரல் உடைந்து, மைக்கில் வெறும் மூச்சு மட்டும் கேட்டது. எனக்கு ஓடிப்போய் அவரைப் பிடித்துக்கொள்ள வேண்டும் போலிருந்தது. பளார் என்று ஒன்று வைக்கவேண்டும் போலவும் இருந்தது.

காளியம்மா எழுந்து நின்றார். கோபமில்லை. களைத்துப் போன குரல்.

"சேர், உங்க கதைய அப்பறம் சொல்லிக்கலாம். நான் சொல்லச் சொன்னது அவரப் பத்தி."

அவர் வாயை மூடினார். எத்தனையோ பேரை அப்படி நிறுத்தியவரை ஒருவர் நிறுத்தியதை நான் அன்றைக்குத்தான் பார்த்தேன். செத்துக் கிடப்பவர் மாரியப்பன். அழுதுகொண்டு நின்றவரோ தன்னைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார். ஊர் அந்த மனிதரைப் பற்றித் தவறாகச் சொன்னது. இவர் அவரைப் பற்றி ஒன்றுமே சொல்லாமல் விட்டிருப்பார்.

சுவெட்டர் கையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். மைக்கை நேராகப் பிடித்தார்.

"மாரியப்பன் குடிக்கல. பல வருஷமா குடிக்கல. நேத்தும் குடிக்கல. நெஞ்சுவலி வந்து விழுந்தாரு."

அவ்வளவுதான். நல்லவர் என்று சொல்லவில்லை. அன்பானவர் என்றும் சொல்லவில்லை. தோட்டத்து ஒபீசிலிருந்து வந்த சிங்களக்காரர்கள் சிலர் வேலியோரம் நின்றார்கள். காளியம்மா அவர்கள் பக்கம் கையைக் காட்டி, சிங்களத்திலும் சொல்லச் சொன்னார். தனக்குத் தெரிந்த தத்தக்கபித்தக்கச் சிங்களத்தில் அதையே சொன்னார். வேலியோரம் நின்ற ஒரு பெரியவர் தொப்பியைக் கழற்றினார். சம்பந்தி வீட்டாருக்குச் சரியாகக் கேட்டிருக்காது என்று காளியம்மா சொன்னதும், அவர்கள் பக்கம் திரும்பி நின்று, தமிழில் இன்னொரு தடவை முதலிலிருந்து சொன்னார். இந்தத் தடவை அங்கே யாரும் சிரிக்கவில்லை. சம்பந்தி எழுந்து வந்து, பெட்டிக்குப் பக்கத்தில் இருந்த மருமகளுக்கு அருகே உட்கார்ந்தார்.

காளியம்மா பழையபடி தலைமாட்டில் உட்கார்ந்து, பெட்டிக்குள் குனிந்தார்.

"என்னங்க, கேட்டுச்சா? சொல்லிட்டாங்க."

அதற்குப் பிறகுதான் அந்த அம்மா அழத் தொடங்கினார்.